பொறியியற்றொழிற் கல்வியில் ஏறத்தகும் படி

படி என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே பல பொருளுண்டு. மாடிக்கு ஏறக் கட்டியதும் படி. நெல்லை அளப்பதும் படி (எம்மூரிலே கொத்து என்னும் வழக்கே மிகுதி எனினும்). ஆசிரியன் மாணாக்கனை நோக்கி இடும் ஏவலும் படி. இம்மூன்று பொருளும் ஓரிடத்திலே சந்திக்கின்றன. பொறியியல் சார்ந்த தொழிற்கல்வியை நாடும் இளைஞன், எந்நிலையிலிருந்து தொடங்குவது எனத் தேரும் இடம் அது. ஏறவேண்டிய படியைப் பார்க்கின்றான். தன்னை அளக்கும் படியை மறந்துவிடுகின்றான். இதன் விளைவை ஆண்டுதோறும் கண்டு வருந்துகின்றோமாதலின், இப்பொருள்பற்றி இம்மலரிலே சில கூறத் துணிந்தோம்.

தமிழாசிரியருக்குத் தொழினுட்பத்திலே என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் முறுவலித்தல் கூடும். முறுவல் நியாயமானதே. மின்குமிழ் பழுதாயின் அயல்வீட்டாரை அழைக்கும் இனத்தைச் சேர்ந்தவர் யாம். ஆயினும், கல்லூரியை விட்டு நீங்கும் மாணாக்கன் நற்சான்றுப் பத்திரம் கேட்டு வருவதும், விண்ணப்பத்துக்குக் கடிதம் எழுதித் திருத்துவிக்க வருவதும் பெரும்பாலும் தமிழாசிரியரிடமே. அவ்வாறு வருபவன் கையிலிருக்கும் படிவத்திலே, பெயர், முகவரி, பிறந்த திகதி யாவும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கும். எப்பயிற்சி, எந்நிலை என்னும் கட்டங்கள் மாத்திரம் வெறுமையாயிருக்கும். “சேர் சொல்லுங்கோ, எழுதுறன்” என்பான். அவ்வெறுங் கட்டத்தை நிரப்பும் பொறுப்பு இவ்வாறு எம்மீது வந்து விழுந்தது. அதனைப் பிழையாக நிரப்பிய குற்றமும் எமக்குண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் ஏணியின் அமைப்பை அறிதல் வேண்டும். இலங்கையிலே தொழிற்கல்வி இப்பொழுது ஏழு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் வழித் தோன்றிய மூன்றாம்நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ள இவ்வமைப்பைத் தேசிய தொழிற்றகைமை என்பர். மாணாக்கர் வாயில் அது என்.வி.கியூ. முதல் நான்கு நிலைகளுக்குச் சான்றிதழும், ஐந்தாம் ஆறாம் நிலைகளுக்கு டிப்ளோமாவும், ஏழாம் நிலைக்குப் பட்டமும் உரியன.

இந்நிலைகளின் வேறுபாட்டை மாணாக்கருக்கு விளக்க யாம் கையாளும் உவமை ஒன்றுண்டு. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன், மேசன்மார் நூல் கட்டி மூலைமட்டம் பார்ப்பதை எல்லோரும் கண்டிருப்பர். ஒரு நூலிலே 3 அடியும், மற்றை நூலிலே 4 அடியும் அளந்து குறியிடுவர். ஒரு குறியிலிருந்து மறு குறிக்குக் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வருதல் வேண்டும். வந்தால் மூலை நேர். வாராவிடின் நூலை நகர்த்துவர். இவ்வேலையிலே நூலின் ஒரு தலைப்பைப் பிடித்து நிற்கும் பையன், முதலிரு நிலைகளில் நிற்பவன். மேசனின் கண்பார்வையிலே தானே அளந்து குறியிடுபவன் மூன்றாம் நிலையினன். பார்ப்பாரின்றித் தனியே அளந்து, மூலை பிழைத்தால் ‘என் பிழை’ என்று பொறுப்பேற்பவன் நான்காம் நிலைக்குரிய முழுத் தொழிலாளன். வரைபடத்தை வாசித்து, நான்கு கூட்டத்தாருக்கு வேலை பகிர்ந்து, அவரவர் வேலையை அளந்து சரிபார்த்து, எத்தனை மூடை சீமெந்து வேண்டும் எனக் கணக்கெழுதுபவன் ஐந்தாம் ஆறாம் நிலையினன். வேலை முழுவதையும் திட்டமிட்டு, ஆளும் பொருளும் காலமும் வகுத்து நடத்துபவன் ஏழாம் நிலையினன். உவமை எம்முடையதே, சட்டநூலில் இதனைத் தேடவேண்டா.

இதிலே மாணாக்கர் கவனிக்க வேண்டியது ஒன்று. எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே பைதகரசின் தேற்றத்தைப் பிழையின்றி எழுதிய மாணாக்கன், முற்றத்திலே நூல் கட்டி மூலைமட்டம் பார் என்றால் திகைத்து நிற்கின்றான். தேற்றத்தின் பெயரையே கேட்டறியாத மேசன், கால் அங்குலம் பிசகாமற் பார்த்துவிடுகின்றார். இவ்விருவருள் உயர்ந்தவர் யார் என வினாவுதல் வீண். இருவரும் ஒரே வகுப்பிலே முதல் நாள் ஒன்றாக அமர்தல் தகாது என்பதே யாம் சொல்ல வந்தது. ஒருவனுக்குக் கை பழகவேண்டும்; மற்றவருக்குக் கணக்கும் வரைபடமும் பழகவேண்டும்.

யாழ்ப்பாணத்து மாணாக்கனுக்கு வாயில்கள் குறைவல்ல. கொக்குவிலிலே தொழினுட்பவியற் கல்லூரி உளது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் உள. நைற்றா என்று யாவரும் சொல்லும் அதிகாரசபை, பயிலுநரை வேலைத்தலங்களிலேயே சேர்த்துப் பயிற்றுகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரிலே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அதே அறிவியல்நகரிலேயே உளது. ஒரே பேருந்திலே சென்று ஒரே இடத்தில் இறங்கும் இரு மாணாக்கர், இரு வாயில்களை நோக்கிப் பிரிந்து நடக்கின்றனர். ஒருவனை ஊர் பாராட்டுகின்றது. மற்றவனைப்பற்றி ஊர் பேசுவதில்லை.

இவ்வேற்றுமை இயற்கையானதன்று என்பதற்குக் கட்டுபெத்தையின் வரலாறே சான்று. அங்கு 1960 இல் நிறுவப்பட்டது செய்முறைத் தொழினுட்ப நிறுவகம். அது 1966 இல் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரியாயிற்று. 1972 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று எம் பெற்றார் கனவிலும் செபிக்கும் அப்பெயர், பதினெட்டு ஆண்டுகளில் படிப்படியாக ஏறிய ஒரு செய்முறை நிறுவகத்தின் பெயரே. நிறுவகம் கீழ்ப்படியிலே தொடங்குதல் இழுக்கன்று. தம் பிள்ளை தொடங்கினால் மாத்திரம் இழுக்கு என்பது எம்மவர் நியாயம்.

மிக உயர்ந்த படியிலே கால்வைக்க முயன்று வருந்துவோர் கதையை முதலிற் கூறுவோம். சாதாரண தரத்திலே கணிதத்துக்குத் திறமைச் சித்தி வந்தவுடன், பையன் உயர்தரக் கணிதப் பிரிவில் அமர்த்தப்படுகின்றான். இணைந்த கணிதம் அவனுக்கு ஏறுமா எனக் கேட்பாரில்லை. பல்கலைக்கழக அனுமதியைக் கருதி மூன்று முறை பரீட்சைக்கு அமரலாம் என விதி இடங்கொடுக்கின்றது; அம்மூன்று முறையும் அமர்ந்தே தீரவேண்டும் என வீடு விதிக்கின்றது. காலையிற் பள்ளி, மாலையில் தனியார் வகுப்பு, இரவில் மீட்டல் என ஆண்டுகள் கழிகின்றன. மூன்றாம் முறையும் தவறியபின், இருபத்தொரு வயதில், எவர்க்குஞ் சொல்லாமல் மின்னிணைப்புப் பயிற்சியிற் சேர்ந்தான் எம் மாணாக்கனொருவன். அங்கே அவனோடு அமர்ந்தோர் பதினேழு வயதினர். “சேர், வேலை பிடிச்சிருக்கு, இருக்கிறதுதான் வெட்கமாயிருக்கு” என்றான். அவ்வெட்கத்தை அவனுக்குக் கொடுத்தவர் பயிற்சி நிலையத்தார் அல்லர்.

வெளிப்படையாகவே கூறுவோம். கைத்தொழிலைக் குலத்தோடு சேர்த்தெண்ணும் பழைய நோய் எம்மிடை முற்றும் நீங்கவில்லை. ஓடாவியார், கொல்லர் என்னும் பெயர்களை ஒருவித தொனியோடு உச்சரித்த நாவிலே, இன்று ‘என்ஜினியர்’ என்னும் சொல் தேனாய் இனிக்கின்றது. இரண்டும் இரும்பையும் மரத்தையும் பற்றிய சொற்களே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தி தொடங்கி 1990 இல் போரினால் ஓயும்வரை, எத்தனை குடும்பங்கள் பொருத்துநரதும் உருக்கி ஒட்டுநரதும் மின்வினைஞரதும் உழைப்பால் வீடு கட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தன என்பதை மயிலிட்டி, தெல்லிப்பழைப் பக்கத்துப் பழைய மாணவர் எம்மினும் நன்கறிவர்.

இனி, மிகத் தாழ்ந்த படியிலே நிறுத்தப்பட்டு வருந்தியவன் கதை. இங்கேதான் எம் குற்றம் வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணாக்கன் எம்மிடம் வந்தான். சாதாரண தரத்திலே பெறுபேறு நன்றாயில்லை. வாகனத் திருத்த வேலை பயில விரும்பினான். பெறுபேற்றுத் தாளைப் பார்த்தோம். தொடக்கநிலைப் பயிற்சியொன்றின் பெயரை எழுதச் சொன்னோம். அவனும் மறுபேச்சின்றி எழுதினான். ஆசிரியர் சொல்லை மறுக்காமை எம் மாணாக்கரிடத்துள்ள நல்லியல்பு. சிலவேளைகளிலே தீயதும் அதுவே. அவன் நான்கு ஆண்டுகளாக மாலைவேளையிலும் விடுமுறையிலும் மாமனாரின் கராஜிலே வேலை செய்தவன் என்பதும், எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தனியே அறிந்தவன் என்பதும் எமக்குத் தெரியாது. யாம் கேட்கவுமில்லை. சாவியைப் பிடிப்பது எப்படி என்று பயிற்றும் வகுப்பிலே அவன் பல மாதம் அமர்ந்திருந்தான். பின்னர் ஒருநாள் போகாது விட்டான். பிழை அப்பயிற்சியினதன்று, அது தொடக்கத்தினருக்கு உரியது. தொடக்கத்தினன் அல்லாதவனை அங்கு அனுப்பியவர் யாமே.

அவனுக்கு வேறொரு வழி இருந்தது. வகுப்பிலே கற்காது வேலைத்தலத்திலே கற்றவர்க்கும் சான்றிதழ் வழங்க இவ்வமைப்பிலே இடமுண்டு. முன்கற்றலை ஏற்றல் என்பது அதன் பெயர். தாம் செய்த வேலைகளுக்குச் சான்று திரட்டி விண்ணப்பித்தால், பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வந்து, வேலையைச் செய்வித்துப் பார்த்து, தேர்ச்சி கண்ட அளவுக்குரிய நிலையை வழங்குவர். குறையுள்ள பகுதியை மாத்திரம் பின்னர்ப் பயின்று நிரப்பலாம். இதனை யாம் அறிந்தது அவன் படிப்பை விட்ட மறு ஆண்டு. அவனைத் தேடிச் சென்று சொன்னோம். நான்காம் நிலைச் சான்றிதழை அவன் பெற்றது அதன் பின்னரே. கழிந்த ஆண்டை எம்மால் மீட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஆதலின், இப்பொழுது எம்மிடம் வருவோனைப் பெறுபேற்றுத் தாளால் மாத்திரம் அளப்பதில்லை. கையை முதலிற் கேட்கின்றோம்: இதுவரை எதைச் செய்தாய், யாருடைய மேற்பார்வையிற் செய்தாய், பழுதானபோது என்ன செய்தாய்? இம்மூன்றாம் வினாவுக்கு வரும் விடையிலே நிலை தெளிவாகத் தெரிந்துவிடும். ‘மாமாவைக் கூப்பிட்டேன்’ என்பவன் ஒரு நிலை. ‘கழற்றிப் பார்த்து, வாஷர் மாற்றினேன்’ என்பவன் மற்றொரு நிலை.

அடுத்தது கணக்கு. டிப்ளோமாவுக்குச் செல்ல விரும்புவோனிடம் கணித ஆசிரியரின் துணையோடு ஒரு வினாக் கொடுப்போம். மூவவத்தை மின், அதாவது ஊரார் ‘திறீ பேஸ்’ என்பது, 400 வோல்ற்றிலே ஒரு மோட்டாருக்கு 10 அம்பியர் செல்கின்றது. வலுக் காரணி 0.8. மோட்டார் எடுக்கும் வலு எவ்வளவு? மூன்றின் வர்க்கமூலமாகிய 1.732 ஐயும் ஏனைய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 5.5 கிலோவாற்று வரும். பெருக்கி விடை காண்பது பெரிதன்று. கையடக்கக் கருவியே அதைச் செய்யும். வர்க்கமூலம் ஏன் வந்தது, வலுக் காரணி குறைந்தால் கம்பியிலே மின்னோட்டம் ஏன் கூடும் என்று, பிழையாகவேனும் சொல்ல முயல்பவன் ஐந்தாம் நிலையின் முதற் தவணையைத் தாங்குவான். வாய்ப்பாட்டை மனனஞ் செய்து ஒப்புவிப்பவன் நான்காம் நிலையிலே கருவிகளோடு பழகிப் பின் செல்லுதல் நன்று. அவ்வழி அடைபட்டதன்று. தொடர்புள்ள துறையிலே நான்காம் நிலை பெற்றோர்க்கும், உரிய பாடங்களிலே உயர்தரஞ் சித்தியெய்தினோர்க்கும் டிப்ளோமா வாயில் திறந்துள்ளது. அதற்கு மேல், 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் நிறுவப்பட்ட தொழிற்றொழினுட்பப் பல்கலைக்கழகம் டிப்ளோமா பெற்றோரைப் பட்டத்துக்கு ஏற்கின்றது. அத்திவாரத்திலே நூல் பிடித்தவன் பட்டதாரியாதல் இன்று விதிகளின்படியே இயலும்.

மூன்றாவது மொழி. இது எம் துறையாதலின் சற்று விரித்துரைக்க வாசகர் பொறுப்பாராக. கீழ்நிலைப் பயிற்சிகள் யாழ்ப்பாணத்திலே தமிழில் நடைபெறுகின்றன. டிப்ளோமா நிலையிலே பாடமும் நூலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. நான்காம் நிலையிலே முதல் மாணாக்கனாக விளங்கியவன், ஐந்தாம் நிலையின் முதல் மாதத்திலே தளர்ந்து திரும்புவதற்குக் கணிதத்திலும் இதுவே பெருங் காரணம் எனக் கண்டோம். தமிழிலே தொழினுட்பஞ் சொல்ல இயலாது என்பார் கூற்றை யாம் ஏற்கமாட்டோம். கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் மொழிபெயர்த்தார். இந்நாட்டிலே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அறிவியற் பாடங்களுக்குத் தமிழ்க் கலைச்சொற்றொகுதிகளும் வெளிவந்தன. அவத்தை, முறுக்கம், உராய்வு முதலிய சொற்களின் பொருளைத் தமிழிலே தெளிந்தவன், ஆங்கிலச் சொல்லை ஒரு கிழமையிற் பழகிக்கொள்வான். பொருளே தெளியாதவனுக்கு இரு மொழியும் இருளே. ஆயினும், நூல் ஆங்கிலத்தில் இருக்கின்றது என்னும் உண்மையைத் தமிழ்ப்பற்றால் மறைத்தல் மாணாக்கனுக்குத் துரோகமாம். எனவே டிப்ளோமாவை நாடுவோனிடம், ஒரு நீர்ப்பம்பியோடு வரும் ஆங்கிலக் கைநூலின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தமிழிலே சுருக்கி எழுதச் சொல்கின்றோம். பாதியாவது விளங்கி எழுதினால் செல்க என்போம். ஒன்றும் விளங்காவிடின், சேர்வதைத் தள்ளிவைத்து ஆறு மாதம் ஆங்கிலம் படித்து வருக என்போம். இவ்வறிவுரைக்காக எம்மை வெறுத்த பெற்றாரும் உளர்.

வீட்டின் நிலையையும் ஒருவாறு நோக்கல் வேண்டும். விரைவில் உழைத்தே தீரவேண்டிய குடும்பத்துப் பிள்ளை, அறிவு எத்துணை இருப்பினும், நான்காம் நிலையை முடித்து வேலையிலமர்ந்து, பகுதிநேர வகுப்பாலே மேலேறுவதே அறிவுடைமை. இதிலே நெடிது பேச ஒன்றுமில்லை.

பாடசாலையிலேயே இப்பொழுது வேறிரு வழிகளும் உள. உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கப்பட்டு, முதற் பரீட்சை 2015 இல் நடந்தது. சாதாரண தரத்திலே சித்தியெய்தாதோரும் பள்ளியிலிருந்தே தொழில் பயிலும் பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம் 2017 இல் வந்தது. இவ்விரண்டையும் ‘கணிதம் ஏறாதவரை ஒதுக்கும் இடம்’ என்று ஆசிரியர் அறையிலேயே சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆசிரியர் அவ்வாறு நினைத்தால் மாணாக்கன் வேறு எவ்வாறு நினைப்பான்?

வெளிநாட்டை நோக்கிப் படிப்போருக்கு ஒரு சொல். உலகிலே பொறியியற் பணியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கு வேரூன்றியுள்ளது. பொறியியலாளரின் பட்டங்களுக்கு 1989 இன் வாஷிங்டன் உடன்படிக்கையும், தொழினுட்பவியலாளருக்கு 2001 இன் சிட்னி உடன்படிக்கையும், தொழினுட்பவினைஞருக்கு 2002 இன் டப்ளின் உடன்படிக்கையும் உள. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினராயிற்று. ஒவ்வொரு தரத்துக்கும் தனி மதிப்பும் தனித் தேவையும் உண்டு என்பதை இதனால் அறியலாம். கைவினைஞர்க்கோ இவையெல்லாம் வேண்டா. உருக்கி ஒட்டுபவன் எந்நாட்டுக்குச் சென்றாலும், இரு தகட்டைக் கொடுத்து ஒட்டச் சொல்லி, அதனை வளைத்து முறிகின்றதா எனப் பார்ப்பர். அத்தகடு சான்றிதழை வாசிப்பதில்லை.

பழைய மாணவருள் கராஜும் பட்டறையும் கட்டட ஒப்பந்தத் தொழிலும் நடத்துவோர் பலர். கல்லூரிக்குக் கட்டடமும் கேடயமும் தந்த அவர்களிடம் இன்னுமொன்று கேட்கின்றோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாணாக்கர் மாதக்கணக்கில் வீட்டிலே இருக்கின்றனர். அக்காலத்திலே இருவரையோ மூவரையோ தம் வேலைத்தலத்திலே நிற்கவிட்டு, ஒவ்வொருவனும் எதைச் செய்தான் என்று ஒரு கொப்பியில் எழுதுவித்துக் கையொப்பமிட்டுத் தருவாராயின், எந்நிலையிற் சேர்வது என்னும் வினாவுக்கு அக்கொப்பியே பாதி விடை தரும். சம்பளம் கொடுத்தல் அவரவர் விருப்பம். மத்தியானச் சோறு கொடுத்தால் நன்று.

விண்ணப்பப் படிவத்தோடு வரும் மாணாக்கர்க்கு ஓர் அறிவித்தல். சேர்க்கைத் தகைமைகள் பயிற்சிக்குப் பயிற்சி வேறுபடும். ஒன்பதாந் தரம்வரை கற்றோர்க்கு இடமுள்ளனவும் உள, சாதாரண தரத்திலே கணிதச் சித்தி வேண்டுவனவும் உள. ஆதலின் அவ்வாண்டு அறிவித்தலைக் கையோடு கொண்டு வருக. புதன்கிழமை பள்ளி விட்டபின் நூலகத்துப் பின்புற அறையிலே இருப்போம். பெறுபேற்றுத் தாளோடு, வேலை செய்து பழகியவர் தம் வேலைக் கொப்பியையோ, செய்த பொருளொன்றையோ கொணர்தல் வேண்டும். தந்தையாரும் உடன் வந்தால் நன்று. அவரிடமும் சில வினாக்கள் கேட்கவேண்டியுள்ளன.